ரைட் மார்க்கரின் கழுத்து

ஜூன் 6, செவ்வாய்

மருத்துவ வாரியத்தின் முடிவு வந்துவிட்டது. என் கழுத்து நன்றாக இருக்கிறதாம். இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்புகிறதாம். இருக்கிற கொஞ்சநஞ்சத் தேய்மானமும் உடம்புவாகாம், பட்டாளத்தில் வந்தது இல்லையாம். ஆகவே ஊனத்துக்கான பென்ஷன் கிடையாது. கையெழுத்து, முத்திரை, முடிந்தது கதை.

வக்கீலைப் போய்ப் பார்த்தேன். மேல்முறையீட்டு வாரியம் ஆகஸ்டில் கூடும் என்றார். "அதுவரைக்கும் ஒரு டைரி எழுதுங்க. என்னிக்கு வலிச்சுது, எங்க வலிச்சுது, எவ்ளோ நேரம் வலிச்சுது, ஒண்ணு விடாம எழுதுங்க. நமக்கு ஆதாரம் வேணும்."

சரி என்று பஸ் ஸ்டாண்டிலேயே இந்த நோட்டை வாங்கினேன். எழுதுபவன் ஹவில்தார் தணிகாசலம், ஓய்வு. இருபத்து நாலு வருட சர்வீஸ். மனைவி அமுதவல்லி. ஊர் ஆரணிப் பக்கம்.

இன்றைய வலி: குறிப்பிடும்படி ஒன்றுமில்லை.

ஜூன் 7, புதன்

என் கழுத்து எப்படி நன்றாகிப் போனது என்பதை எழுதிவிடுகிறேன்.

வாரியத்தில் ஒரு கர்னல் டாக்டர் இருந்தார். கழுத்தைத் திருப்பு என்றார். வந்த வரைக்கும் திருப்பினேன். வலப்பக்கம் கொஞ்சம் வந்தது, இடப்பக்கம் அதுவும் வரவில்லை. சரி, சட்டையைப் போட்டுக்கொள் என்றார். நான் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து திடீரென்று ஒரு கத்து: "ஹவில்தார் தணிகாசலம்! சாவ்தான்! தாஹினே தேக்!"

நேராக நில், வலப்பக்கம் பார் என்று அர்த்தம். பதினெட்டு வயதிலிருந்து கேட்ட கமாண்டு. கழுத்து என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சடக்கென்று போய்விட்டது. தாடை தோளுக்கு நேராக நின்றது. அப்படி ஒரு தாஹினே தேக்கை நான் சர்வீஸில்கூடச் செய்ததில்லை. கர்னல் "ஷாபாஷ்" என்றார். நான் வேறு "தேங்க்யூ சாப்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார முடியவில்லை. சீட்டு சரியில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர்வரை நின்றே வந்தேன்.

ஜூன் 9, வெள்ளி

வக்கீல் போனில் கேட்டார், அடிபட்டதற்கு ஃபைலில் ஏன் ஒரு வரிகூட இல்லை என்று.

எப்படி இருக்கும்? பனிமலையில் போஸ்டிங். பங்கர்க் கூரைத் தகரம் பனியோடு சேர்ந்து என் பிடரியில் இறங்கியது. மறுநாள் ஜெனரல் பார்வையிட வருகிறார். ஒரு ஆள் குறைந்தால் வரிசையில் ஓட்டை விழும். மெடிக்கல் ஆள் வந்து "டீக் ஹோ?" என்று கேட்டார். "டீக் ஹை" என்றேன். நல்லாயிருக்கிறேன் என்று அர்த்தம். அவர் போய்விட்டார். ஜெனரலும் வந்தார், போனார்.

பென்ஷன் வந்தால் நல்லதுதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியம், இது பட்டாளத்தில் போன கழுத்து என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். உடம்புவாகு என்றால் என்ன அர்த்தம்? எங்கப்பன் கோணல் கழுத்தைப் பெற்றுப் போட்டான் என்றா? எங்கப்பன் சாகும்வரை பனைமரத்தை அண்ணாந்து பார்த்துக் குலை எண்ணிச் சொன்னவன்.

இன்றைய வலி: இல்லை. தம்ளர் ஒன்று கையிலிருந்து நழுவி நசுங்கிவிட்டது. இப்போது வருகிற எவர்சில்வர் ரொம்ப வழுக்குகிறது.

ஜூன் 14, புதன்

வக்கீல் ஒரே போடாகப் போட்டார். மேல்முறையீட்டிலும் இதே வேலையைத்தான் செய்வார்களாம். "கமாண்டு குடுப்பாங்க. நீங்க திரும்பினீங்க, கேஸ் க்ளோஸ். திரும்பாம இருக்கப் பழகுங்க."

கமாண்டுக்குக் கீழ்ப்படியாமல் இருக்க ஒரு சிப்பாயைப் பழக்குவதா! இதற்கு வக்கீல் ஃபீஸ் வேறு.

சாயந்திரம் வல்லியைக் கமாண்டு கொடுக்கச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "தாஹினே தேக்," என்றாள்.

"இப்டி சொன்னா எந்தக் கழுத்துமே திரும்பும்? அதட்டிச் சொல்லு."

"எனக்கு அதட்டத் தெரிஞ்சிருந்தா இந்த வூட்ல எவ்ளோ வேல நடந்திருக்கும்," என்றாள். மறுபடி சொன்னாள். சட்னிக்கு உப்பு போதுமா என்று கேட்பதுபோல இருந்தது. கழுத்து அசையவில்லை. இதில் எனக்கென்ன பெருமை?

ஜூன் 15, வியாழன்

எத்திராஜ் சாப்பைப் பார்க்கப் போனேன். சாப் என்றால் பட்டாளத்தில் ஐயா என்று அர்த்தம். ஓய்வுபெற்ற சுபேதார். ஆயிரக்கணக்கான பேருக்கு டிரில் சொல்லிக்கொடுத்த உஸ்தாத். இப்போது அடுத்த தெருவில் மாவு மில் வைத்திருக்கிறார். மில் ஓடும்போதே அவர் பேசுவது தெருக்கோடிக்குக் கேட்கும்.

விஷயத்தைச் சொன்னேன். மில்லை நிறுத்தினார். மீசையில் இருந்த மாவைத் தட்டிவிட்டார். அடுத்த வினாடி, "தாஹினே தேக்!"

கழுத்து சடக். அரைக்க வந்த இரண்டு பெண்கள் தூக்குச்சட்டியோடு திரும்பினார்கள். எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

"தோ பாத்தியா தணிகா, நாயிக்குக்கூட அட்டென்ஷன் வருது," என்றார் பெருமையாக.

கொஞ்ச நேரம் மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். வெயில்.

ஜூன் 22, வியாழன்

தினமும் காலையில் கிணற்றடியில் பயிற்சி. சாப் கத்துவார், நான் திரும்பக் கூடாது. இதுவரை ஒவ்வொரு முறையும் திரும்பிவிட்டேன். வெற்றிலையை மென்று பார்த்தேன், திரும்பியது. மாமியாரை நினைத்துப் பார்த்தேன், இன்னும் வேகமாகத் திரும்பியது. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். சாப்பின் வாய் திறந்ததைப் பார்த்தே திரும்பிவிட்டது. பஞ்சை எடுக்க மறந்துபோய் சிலிண்டர்காரன் கத்திக் கத்தித் திரும்பிப் போய்விட்டான். வல்லி இரண்டு நாளாக விறகில் சமைக்கிறாள், என் பக்கம் பார்க்காமலேயே.

ஜூலை 1, சனி

இன்று திரும்பவில்லை!

சாப் கத்தினார். கழுத்து நின்ற இடத்தில் நின்றது. உண்மையைச் சொன்னால் காலையிலிருந்தே அது எந்தப் பக்கமும் போகவில்லை, வல்லிதான் தலைவாரி விட்டாள். எப்படியோ, வெற்றி வெற்றிதானே.

சாப்புக்கு முகம் தொங்கிவிட்டது. "என் கமாண்டுக்கு ஒருத்தன் திரும்பல," என்றார். இன்னொரு முறை கத்தினார். அதற்கும் திரும்பவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மில்லும் திறக்கவில்லை. அவர் சம்சாரம் வந்து, "இன்னா பண்ணீங்க அவர? காலைலேர்ந்து சோறு வாணாம்ன்றாரு," என்று வல்லியிடம் சண்டை பிடித்துவிட்டுப் போனது.

ஜூலை 3, திங்கள்

சாப் வீட்டுக்கே போய் ஒரு தாஹினே தேக் செய்து காட்டிவிட்டு வந்தேன். சாப்பிட்டார்.

பிற்பகல் முழுக்கப் படுத்திருந்தேன். உடம்பு அசதி.

ஜூலை 10, திங்கள்

செருப்புக் கடைக்காரனோடு தகராறு. வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை, இடது செருப்பு தானாகக் கழன்று பின்னாலேயே நின்றுவிடுகிறது. எனக்குத் தெரிவதே இல்லை, யாராவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைக்காரன் போட்டு நடந்து பார்த்துவிட்டு, "செருப்பு நல்லாத்தான் கீது அண்ணாத்தே," என்றான். ஏமாற்றுக்காரன்.

வல்லி இப்போதெல்லாம் தினமும் என் சட்டைப் பட்டனை அவளே போட்டுவிடுகிறாள். இந்த வயதில் என்ன பாசமோ.

ஜூலை 19, புதன்

வக்கீல் டைரியைக் கேட்டார். கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஹவில்தார், உங்கள வலிய எழுதச் சொன்னேன். இதுல எவர்சில்வர் இருக்குது, செருப்பு இருக்குது, நாய் இருக்குது. ஒரு பக்கத்துலயாவது வலிக்குதுன்னு இருக்குதா?"

"இல்லாதத எப்டி சார் எழுதறது?"

"இல்லன்னா எதுக்குய்யா கேஸ் போட்டோம்?"

டைரியை ஆதாரமாகக் காட்டவே கூடாது, எதிராளி கையில் கிடைத்தால் நம்மைத் தீர்த்துவிடுவான் என்றார். இருந்தாலும் எழுதுகிறேன். பழகிவிட்டது.

ஜூலை 27, வியாழன்

இன்று ஒரு திருப்பம்.

சாப் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, போனில் ஏதோ பழைய அணிவகுப்பைப் போட்டுக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். வல்லி டீ கொண்டுவந்தவள் நின்று பார்த்தாள். பிளட்டூன் மேடையைத் தாண்டுகிறது, தாஹினே தேக், எல்லாக் கழுத்தும் வலப்பக்கம்.

"அண்ணா, அந்தக் கோடீல போறவர் மட்டும் திரும்பவே இல்லியே. அவருக்கும் கழுத்து வலியா?"

சாப் டீயை வைத்துவிட்டார். "அவன் ரைட் மார்க்கர்மா. வலது கோடி ஆளு. அவன் நேராத்தான் பாக்கணும். அவனப் பாத்துதான் மத்தவன்லாம் நிக்கறான், அவன் திரும்பினா வரிசையே கோணிக்கும்."

சொல்லி முடித்தவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அதாவது உடம்போடு திரும்பிப் பார்த்தேன்.

"தணிகா! நீ திரும்பாம இருக்கப் பழக வாணாம்டா. நீ ரைட் மார்க்கரா நின்னா போதும்! கமாண்டுக்கு அடங்கினமாதிரியும் ஆச்சு, கழுத்து திரும்பாதமாதிரியும் ஆச்சு!"

நான் ஐந்தடி நாலு அங்குலம். உயரமானவர்கள் கோடியில், குள்ளமானவர்கள் நடுவில் என்பது பட்டாள வழக்கம். சர்வீஸ் முழுக்க நடுவில் நின்றே காலம் போயிற்று. இப்போது கிணற்றடி வரிசைக்காவது எனக்கு ரைட் மார்க்கர் பதவி கிடைத்தது. கண் கலங்கிவிட்டது, அதை ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

ஜூலை 28, வெள்ளி

ரைட் மார்க்கர் தனியாக நிற்க முடியாது. இடப்பக்கம் ஒரு வரிசை வேண்டும். வல்லியை நிற்க வைத்தோம். அவளுக்கு அந்தப்பக்கம் இரண்டு சிலிண்டர்கள், ஒரு மாவு மூட்டை.

"தாஹினே தேக்!"

நான் அசையவில்லை. முயற்சியே வேண்டியிருக்கவில்லை. கழுத்துக்குத் தன் கடமை புரிந்துவிட்டது. வல்லி மட்டும் சடக்கென்று வலப்பக்கம், என்னைப் பார்த்துத் திரும்பினாள். இத்தனை நாள் கேட்டுக் கேட்டு அவளுக்கு ஏறிவிட்டது.

"ஷாபாஷ் தங்கச்சி!" என்றார் சாப். "பதினஞ்சு வருஷ சர்வீஸ்காரன்கூட இப்டி ஒடைச்சித் திருப்ப மாட்டான்!"

அவள் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போனாள். சாயந்திரம் பார்த்தால் பின்னால் தனியாக நின்று பயிற்சி செய்துகொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 16, புதன்

எழுத நேரமில்லை. பேனாவும் சரியில்லை, எழுத்து கோணிக்கொண்டு போகிறது. மூன்றாவது பேனா.

வல்லி மேல்முறையீட்டுக்குப் புதுப்புடவை கட்ட வேண்டும் என்கிறாள். சாப் அவளுக்குத் தன் பழைய பெல்ட்டைக் கொடுத்தார். வேண்டாம் என்று நானே சொன்னேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

வாரியம். பட்டணத்து ராணுவ ஆஸ்பத்திரி. இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து எழுதுகிறேன். ஏன் கட்டில் என்பது கடைசியில் வரும்.

வாரியத் தலைவர் வேறொரு கர்னல். பெரிய மீசை. பக்கத்தில் நரம்பு டாக்டர், ஒரு மேஜர் அம்மா. கேரளத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். கர்னல் பேசியதெல்லாம் இந்தி.

வக்கீல் சொன்னதுபோலவே நடந்தது. ஃபைலைப் புரட்டினார், மீசையைத் தடவினார், நாற்காலியில் நிமிர்ந்தார். வாய் திறக்கும் முன்பே நான் சல்யூட் வைத்து, "சாப், நான் ரைட் மார்க்கர். வரிசை இல்லாமல் கமாண்டு வாங்க முடியாது. அனுமதி வேண்டும்," என்றேன்.

"வரிசை எங்கே?"

"வெளியே பெஞ்சில் இருக்கிறது சாப்."

வல்லி உள்ளே வந்தாள். கைப்பையைச் சுவரோரம் வைத்தாள், எனக்கு இடப்பக்கம் வந்து குதிகாலைச் சேர்த்து நின்றாள். மேஜர் அம்மா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். கர்னல் சிரிக்கவில்லை. அவரும் டிரில் பழகியவர்தானே. எழுந்து நின்று கமாண்டு கொடுத்தார்.

"தாஹினே தேக்!"

நான் கல்லாக நின்றேன். வல்லி சடக். புதுப்புடவை சரசரவென்றது.

கர்னல் எங்கள் இருவரையும் சுற்றி வந்து பார்த்தார். குறை சொல்ல இடமில்லை. ரைட் மார்க்கர் திரும்பவில்லை, மற்றவர் திரும்பினார், எல்லாம் விதிப்படி. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் சொன்னார், "இப்போது உன் மனைவி ரைட் மார்க்கர். இடம் மாறு."

மேஜர் அம்மா அதைத் தமிழில் வல்லிக்குச் சொன்னார். வல்லி என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? இடம் மாறினோம். அவள் எனக்கு வலப்பக்கம் போய் நின்றாள்.

"தாஹினே தேக்!"

கழுத்து சடக்கென்று வலப்பக்கம் போய்விட்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆட்டுக்குட்டி கத்தினதுபோல இருந்தது. நான்தான் கத்தினேன் என்று புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. முழங்கால் இரண்டும் என்னைக் கேட்காமல் மடங்கின.

ரைட் மார்க்கர் எது நடந்தாலும் திரும்பக் கூடாது. குண்டு விழுந்தாலும் கூடாது. வல்லி திரும்பினாள். திரும்பி, அப்படியே தரையில் உட்கார்ந்து என் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள்.

மேஜர் அம்மா ஓடிவந்தார். "வலிக்குதா?"

"இல்ல மேடம். டீக் ஹை," என்றேன், தரையில் கிடந்தபடி.

"டீக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல!" வல்லி கத்தினாள். ஆபீசர்கள் முன்னால்! அதட்டத் தெரியாது என்றவள்! "இவரு சொல்றத எழுதிக்காதீங்கம்மா, பொய்யி! ராத்திரில தலகாணியக் கடிச்சிக்கினு படுத்துக்கறாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. நானும் தூங்கற மாதிரியே கெடப்பேன், இன்னா பண்றது, வெக்கப்படுவாரேன்னு. காலைல பல்லு பட்டுக் கிழிஞ்ச ஒறய நாந்தான் தைக்கறேன். மூணு ஒற தெச்சிட்டேம்மா!"

மேஜர் அம்மா என் இரண்டு கையையும் பிடித்து, வேகமாக மூடித் திறக்கச் சொன்னார். மூடினேன். விரல்கள் திறக்கவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார்.

ஸ்கேன் படத்தைக் கர்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். கழுத்தெலும்பில் பழைய முறிவு, தானாகவே கோணலாக ஒட்டியிருக்கிறதாம். அது நரம்புத்தண்டை அழுத்துகிறதாம். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கையும் காலும் போய்விடுமாம். உடம்புவாகில் எலும்பு முறியாது என்றார் மேஜர் அம்மா, யாரையும் பார்க்காமல்.

கர்னல் கேட்டார், எப்போது அடிபட்டது என்று. பங்கர்த் தகரத்தைச் சொன்னேன்.

"அப்போது யாரும் கேட்கவில்லையா?"

"கேட்டார்கள் சாப். டீக் ஹை என்று சொன்னேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்," என்றார். பிறகு ஃபைலை எடுக்க எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

ஆகஸ்ட் 23, புதன்

வாரியத்தின் முடிவைக் கர்னலே வார்டுக்கு வந்து சொன்னார். பட்டாளத்தில் வந்த ஊனம். ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் வாயாலேயே சொன்னார். வல்லி அழுதாள். வார்டு முழுக்கப் பார்க்கிறார்கள் என்றேன், பார்க்கட்டும் என்றாள்.

சாப்புக்குப் போன் போட்டோம். சந்தோஷத்தில் மில்லை நிறுத்தச் சொல்லிக் கத்தியது இங்கே கேட்டது. எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டவர், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இருந்தாலும் ரைட் மார்க்கர் திரும்பிட்டாளேடா," என்றார். ரொம்ப நாள் மனசில் வைத்துக்கொள்வார்.

ஆகஸ்ட் 24, வியாழன்

ஆபரேஷன் நாளைக் காலை. இதை நான் சொல்ல வல்லி எழுதுகிறாள். எனக்குப் பேனா நிற்கவில்லை. பேனாமேல் தப்பில்லை.

நர்ஸ் வந்தது. சின்னப் பெண். "எப்படி இருக்கீங்க ஐயா?" என்றது. டீக் ஹை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வல்லி பக்கத்தில் இருந்தாள், என்னைப் பார்க்கவில்லை, தலையணை உறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"வலிக்குதும்மா," என்றேன். "ரொம்ப வலிக்குது."

அது ஆச்சரியப்படவில்லை. சரி ஐயா என்று போய் ஒரு ஊசி எடுத்துக்கொண்டு வந்து போட்டது. அரைமணி நேரத்தில் வலி நின்றுவிட்டது. சொன்னால் ஊசி போடுவார்கள் என்று இத்தனை வருடத்தில் எனக்கு யாருமே சொல்லவில்லை.